வீட்டுக் கணினியும் தரைவிரிப்பும்



நெசவாளர் இல்லத்தில் தறிக்கும், உழவர் இல்லத்தில் ஏருக்கும் மாட்டுக்கும் உள்ள மதிப்பை நாம் அனைவரும் அறிவோம். தறியில் அமருமுன் அதனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பொங்கலுக்கு மறுநாள் மாட்டுக்கு மாலை சூட்டுகிறோம். நம் பிழைப்பு அவற்றைச் சார்ந்து நிற்பதே இதற்குக் காரணம். அவ்வரிசையில் இன்று கணினியும் வந்து சேர்ந்துவிட்டது.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், அதுவரை கணினியைக் கண்ணால் காணாத கிராம வீடுகளிலும் அது இடம்பெற்றது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாடெங்கும் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சேலையின் கரைக்கும் முந்தானைக்கும் உரிய பூவேலையைக் கட்டத்தாளில் வரைந்த நாள் போய், கணினியில் வரைந்து அட்டை துளைக்கும் முறையும் வந்துவிட்டது. ஆகவே கணினியைப் பேணும் முறையை அறிவது நம் தொழிலறிவின் ஒரு பகுதியே ஆகும்.

திருப்புலிவனம் வட்டாரத்தில் நாம் நேரில் கண்ட ஒரு செய்தியை முதலில் கூறுவோம். ஒரு நெசவுக் குடும்பத்தார் தம் கணினியைத் தறி இருக்கும் அறையிலேயே ஒரு மூலையில், தரையில் வைத்திருந்தனர். தரை குளிர்கிறது என்று அதன் கீழும் சுற்றிலும் செயற்கை இழைக் கம்பளம் ஒன்றை விரித்திருந்தனர். முகூர்த்த மாதத்தில், வேலை நெருக்கடியான வேளையில், கணினி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே அணையத் தொடங்கிற்று. பெட்டியைத் திறந்து பார்த்தபோது, உள்ளிருந்த விசிறியின் மேல் பஞ்சுப் பிசிறு மெத்தை போல் படிந்திருந்தது. அதைக் களைந்தவுடன் கணினி நன்றாகவே ஓடிற்று. ஆயின் துப்புரவு செய்த இளைஞர், பாலியெஸ்டர் சட்டையோடு அதே கம்பளத்தின் மேல் அமர்ந்து, உள்ளிருந்த சேமிப்புத் தட்டையும் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தார். இரண்டு நாட்களில் அத்தட்டு உயிரிழந்தது. இரண்டு ஆண்டுகளாக வரைந்து சேர்த்த பூவேலை வடிவங்கள் யாவும் அதனோடு போயின. வேறு நகல் இல்லை.

அதற்கு நிலைமின்சாரமே காரணம் என்று அறுதியிட்டுக் கூற நம்மால் இயலாது. அதன் அடி கண்ணுக்குப் புலப்படுவதன்று. ஆனால் அதற்கு வேண்டிய அனைத்தும் அவ்வறையில் இருந்தன என்பதில் ஐயமில்லை. அவ்வில்லத்தார் இழந்ததை மற்றோர் இல்லத்தார் இழக்கலாகாது என்னும் எண்ணத்தாலேயே இப்பாடத்தை எழுதுகிறோம்.

தூசி செய்யும் தீங்கு

கணினி வேலை செய்யும்போது அதன் உள்ளே வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றுவதற்காக மெல்லிய உலோகத் தகடுகள் சீப்பின் பற்களைப் போல் நெருக்கமாக அமைக்கப்பட்டு, அவற்றினூடே ஒரு சிறு விசிறி காற்றைச் செலுத்துகிறது. காற்றோடு அறையில் உள்ள தூசியும் உட்புகுகிறது. வெறும் மண் தூசியாயின் ஒரு பகுதி மீண்டும் வெளியே போய்விடும். இழைப் பிசிறோ தகடுகளின் இடுக்கில் சிக்கி, ஒன்றோடொன்று பின்னி, ஒரு கம்பளித் துண்டு போலவே ஆகிவிடுகிறது. அதன்மேல் மண் தூசியும் வந்து ஒட்டுகிறது. நாளடைவில் காற்றுக்கு வழியில்லை, வெப்பத்துக்குப் போக்கில்லை.

வெப்பம் மிகுந்தால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல கணினிகளில், மூளையாகிய சில்லின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இது நிகழும். அதற்கும் மேற்போனால் அது தானே அணைந்துவிடும். 'கணினி பழசாகிவிட்டது, மெதுவாக ஓடுகிறது' என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, பழமையால் அன்று, பிசிறால் விளைந்ததே ஆகும்.

நம் இல்லங்களின் தூசி நகரத்து அலுவலகத் தூசியைப் போன்றதன்று. அதன் வகைகளை அறிந்துகொள்வது நலம்.

முதலாவது, தறியினின்றும் ராட்டையினின்றும் எழும் இழைப் பிசிறும், பாவுக்குப் போட்ட கஞ்சி உலர்ந்து உதிரும் பொடியும். கஞ்சிப் பொடி ஈரம் பட்டால் பசையாகும். பின்னர் எளிதில் போகாது.

இரண்டாவது, களத்துத் தூசி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களிலும் அறுவடை உண்டாதலின், போர் அடிக்கும்போதும் நெல் தூற்றும்போதும் எழும் பதரும் வைக்கோல் துகளும் ஆண்டில் பல வாரங்கள் வீட்டுக்குள் வந்தே தீரும்.

மூன்றாவது, வீட்டுக்குள் நாமே எழுப்புவன: சாம்பிராணிப் புகை, கற்பூரக் கரி, ஊதுவத்திச் சாம்பல், கோலப்பொடி, முகப்பவுடர். கரியும் எண்ணெய்ப் பசையும் கலந்த தூசி மற்றவற்றைவிடக் கெட்டியாய் ஒட்டும்.

நான்காவது, பட்டு நெசவாளர் மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டியது: ஜரிகைத் துணுக்கு. அசல் ஜரிகையில் பட்டிழையைச் சுற்றி வெள்ளி சுற்றப்பட்டிருக்கிறது. வெள்ளியைப் போல மின்சாரத்தை எளிதிற் செலுத்தும் உலோகம் வேறில்லை. கத்தரித்த ஜரிகை நுனியொன்று விசைப்பலகையின் வழியாகவோ காற்றுத் துளையின் வழியாகவோ உட்சென்று இரண்டு மின்வழிகளுக்குக் குறுக்கே கிடந்தால், அது தூசியாக இராது. கம்பியாகவே வேலை செய்யும். ஜரிகை வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் கணினியைத் திறந்து வைத்தல் ஒருபோதும் கூடாது.

நிலைமின்சாரம் என்பது யாது?

இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று உரசிப் பிரியும்போது, ஒன்றினின்று மற்றொன்றுக்கு மின்னேற்றம் இடம் மாறுகிறது. அது ஓடிப்போக வழியில்லையாயின் அப்பொருளிலேயே தங்கி நிற்கும். இதுவே நிலைமின்சாரம். உலர்ந்த தலையில் பிளாஸ்டிக் சீப்பை இழுத்துவிட்டுக் காகிதத் துண்டின் அருகே காட்டினால் காகிதம் தாவி ஒட்டுவதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். வறண்ட நாளில் பட்டு நூல் ஒன்றையொன்று விலக்கிப் பறப்பதையும் கையில் ஒட்டுவதையும் நெசவாளர் அறிவர்.

பட்டுக்கும் மின்சார ஆராய்ச்சிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1729-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்பவர், தம் நண்பர் வீலருடன் சேர்ந்து, கண்ணாடிக் குழாயைத் தேய்த்து உண்டாக்கிய மின்னேற்றத்தை ஒரு நீண்ட சணல் கயிற்றின் வழியே செலுத்திப் பார்த்தார். அக்கயிற்றைப் பட்டுக் கயிறுகளால் தாங்கி நிறுத்தியிருந்தார். மின்னேற்றம் நெடுந்தூரம் சென்றது. ஒருமுறை பட்டுக் கயிறு அறுந்துவிட, அதற்குப் பதில் பித்தளைக் கம்பியைக் கட்டினார். உடனே மின்னேற்றம் மறுமுனைக்குப் போகாது ஒழிந்தது. பித்தளை அதை வழியிலேயே கசியவிட்டது, பட்டு கசியவிடவில்லை. மின்சாரத்தைக் கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்னும் பாகுபாடு இவ்வாறே தெளிவாயிற்று. நம் சேலையில் பட்டும் வெள்ளியும் ஒரே இழையில் சேர்ந்திருக்கின்றன. ஒன்று மின்சாரத்தைத் தடுக்கும், மற்றது விடும்.

இனி நம் அறைக்கு வருவோம். விரிப்பின் மேல் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் காலும் விரிப்பும் உரசிப் பிரிகின்றன. அடிமேல் அடியாக நம் உடலில் மின்னேற்றம் சேர்கிறது. மின்னணுத் தொழிலில் நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் கணக்கு ஒன்று உண்டு: காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமே உள்ள வறண்ட அறையில் கம்பளத்தின் மேல் நடப்பவர் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறக்கூடும், ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேற்பட்ட அறையில் அதே நடையில் ஏறுவது 1,500 வோல்ட் அளவே.

இவ்வளவு வோல்ட் ஏறியும் நாம் உயிரோடு இருப்பது எங்ஙனம் என்று அங்கத்தினர் வினவலாம். அணையின் உயரம் பெரிது, ஆனால் தேங்கிய நீர் ஒரு கையளவே என்பது போன்றது இது. வோல்ட் மிகுதி, மின்சாரத்தின் அளவோ மிகச் சிறிது. ஒரு கணத்தில் தீர்ந்துவிடும். நமக்கு அது ஊசி குத்தியது போன்ற ஒரு சுருக்கு; சுமார் 3,000 வோல்ட்டுக்குக் குறைந்தால் அதுவும் தெரியாது.

சில்லுக்கோ அவ்வாறன்று. அதன் உள்ளே ஒரு மின்வழியை மற்றொன்றினின்று பிரிக்கும் படலத்தின் கனம் மிகவும் குறைவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றுள் ஒரு சில கூறுகளே அப்படலத்தின் கனம். நாம் உணரவே முடியாத நூறு, இருநூறு வோல்ட்டும் சில வகை உறுப்புகளில் அப்படலத்தைத் துளைத்துவிடக்கூடும். துளைபட்ட உறுப்பு அப்போதே சாகலாம்; அல்லது அரைகுறையாய் ஓடிச் சில நாட்களோ மாதங்களோ கழித்துச் சாகலாம். பின்னர் அடி எப்போது விழுந்தது என்பது எவருக்கும் தெரியாது.

மூடிய பெட்டிக்குள் இருக்கும் வரை உறுப்புகளுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. பெட்டியைத் திறந்து உள்ளே கைவைக்கும் வேளையே பேரபாயமான வேளை. தூசியைப் போக்கத் திறக்கிறோம்; அவ்வேளையில் நிலைமின்சாரத்துக்கு வாயிலையும் திறந்துவிடுகிறோம். இவ்விரு பகைகளும் வேறு வகையிலும் நட்புடையன. மின்னேற்றம் பெற்ற பரப்பு தூசியைத் தன்பால் இழுக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே தடுக்க வேண்டும்.

எந்த விரிப்பு தகும்?

இங்கே நெசவாளராகிய நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் உண்மை துணை செய்கிறது. குழித்தறியில் பாவு எளிதில் அறுவதில்லை. குழியின் ஈரம் நூலைப் பதமாக வைக்கிறது. நூல் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையதாலன்றோ இது கூடுகிறது? அதே தன்மைதான் நிலைமின்சாரத்தையும் அடக்குகிறது. ஈரம் கொண்ட இழை மின்னேற்றத்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். ஈரம் கொள்ளாத இழை அதைத் தேக்கி வைக்கும்.

20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், முற்றும் உலர்ந்த 100 கிலோ இழை எவ்வளவு ஈரத்தை ஏற்கும் என்பதற்கு ஜவுளித் தொழிலில் நிலையான கணக்கு உண்டு. கம்பளி சுமார் 16 கிலோ. பட்டு 11 கிலோ. பருத்தி எட்டரைக் கிலோ. நைலான் ஏறத்தாழ 4 கிலோ. பாலியெஸ்டரோ அரைக் கிலோவுக்கும் குறைவு. செயற்கைக் கம்பளத்தின் மேல் நடந்து கதவின் தாழ்ப்பாளைத் தொட்டால் சுருக்கென்பதும், பவானி ஜமக்காளத்தின் மேல் நடந்தால் பெரும்பாலும் அவ்வாறு நேராததும் இதனால் விளங்கும்.

ஆயின் கம்பளியும் பட்டும் பருத்தியும்கூட, காற்று மிக வறண்டால் தம் ஈரத்தை இழந்து மின்னேற்றத்தைத் தேக்கும். குளிர்நாடுகளில் மாரிக்காலத்தில் அறையைச் சூடேற்றுவதால் காற்று வறண்டுபோய், கம்பளிக் கம்பளத்தின் மேலும் சுருக்கென்பது அன்றாட அனுபவமாகும்.

பருத்தி விரிப்புக்கும் ஒரு குறை உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. பருத்தி பிசிறு உதிர்க்கும், புழுதியையும் பிடித்து வைக்கும். ஆகவே கணினி இருக்கும் இடத்தைச் சுற்றி நான்கடிக்கு விரிப்பே இல்லாத சிமெண்ட் தரையோ, ஓட்டுத் தரையோ இருப்பது முதல் தரம். விரித்தே ஆகவேண்டுமாயின் கோரைப்பாய் அடுத்த தரம். அது பிசிறு உதிர்ப்பதில்லை, ஈரத்துணியால் துடைக்கவும் இடங்கொடுக்கும். பருத்தி ஜமக்காளம் மூன்றாம் தரம். அதை வாரம் ஒருமுறை வீட்டுக்கு வெளியே, காற்றுப் போகும் திசையில் உதற வேண்டும். அறைக்குள் உதறுவது தூசியைக் கணினிக்குப் பரிமாறுவதற்குச் சமம். செயற்கை இழைக் கம்பளமும், பிளாஸ்டிக் பாயும் கணினி அறைக்கு வேண்டா.

நம் பருவமும் குளிர்சாதனமும்

காஞ்சிபுரம் மாவட்டம் கடற்கரைக்கு வெகு தொலைவில் இல்லாமையால், ஆண்டின் பெரும்பகுதியில் நம் காற்றில் ஈரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் நிலைமின்சாரத்தைப் பற்றிய கவலை குறைவு. அந்நாட்களில் கவலை வேறு: தூசி ஈரத்தை உறிஞ்சி, மின்வழிகளுக்கிடையே கசிவை உண்டாக்கி, உலோகத்தையும் அரிக்கும். ஆகவே மழைக்கு முன்னே, புரட்டாசியில், உட்புறத்தைத் துப்புரவு செய்துவிட வேண்டும்.

வைகாசி, ஆனியில் மேல்காற்று வீசும் பிற்பகல்களில் ஈரப்பதம் மிகவும் தாழும். நிலைமின்சாரத்துக்கு உகந்த வேளை அதுவே. குளிர்சாதனம் பொருத்திய அறையில் நிலைமை வேறு. அக்கருவி காற்றைக் குளிர்விப்பதோடு அதன் ஈரத்தையும் நீராக வடித்து வெளியேற்றுகிறது. குளிர்சாதன அறையில் செயற்கைக் கம்பளமும் விரித்தால் மழைக்காலத்திலும் ஆனி மாதத்தை நாமே உண்டாக்கியவராவோம். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் வரை இருப்பது கணினிக்கும் மனிதருக்கும் நலம்.

அறையை அமைக்கும் முறை

(1) கணினியைத் தறி அறையில் வைக்கலாகாது. வேறு அறை இல்லையாயின், தறிக்கு எதிர் மூலையில், இடையே ஒரு திரை கட்டி வைக்கலாம். அத்திரையை வாரந்தோறும் துவைக்க வேண்டும்.

(2) தரையில் வைக்கலாகாது. தூசி கனமானது, தரையை ஒட்டியே மிகுதியாய் உலவும். இரண்டடிக்குக் குறையாத உயரத்தில் மேசையோ திண்ணையோ தக்கது.

(3) களத்துமேட்டை நோக்கிய சன்னலை, தூற்றும் நாட்களில் சாத்திவிட வேண்டும்.

(4) கணினியின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி வேண்டும். அலமாரிக்குள் அடைத்துப் பூட்டி ஓட்டினால் தூசி புகாது. ஆனால் வெப்பமும் போகாது.

(5) மடிக்கணினியை மெத்தையின் மேலோ, போர்வையின் மேலோ, பாயின் மேலோ வைத்து ஓட்டலாகாது. அதன் காற்றுத்துளை பெரும்பாலும் அடியில் உள்ளது. ஒரு மணைப்பலகை போதும். பிள்ளைகள் படிக்கும்போது அதன்மேல் வைத்துக்கொள்ளட்டும்.

(6) ஓடும்போது மூடலாகாது. அணைத்து, அரைமணி நேரம் ஆறவிட்டு, பின்னர் மூடலாம். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டும், நிலைமின்சாரத்தையும் உண்டாக்கும். நெருக்கமாக நெய்த, பலமுறை துவைத்த பருத்தித் துணியே சிறந்த உறை. அதை நாம் கடையில் வாங்க வேண்டியதில்லை.

அறையைப் பெருக்குவதில் நம் இல்லத்துப் பெண்மக்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் முறையே இங்கும் விதி. வாசலில் நீர் தெளித்த பின்னரே அவர்கள் பெருக்குகிறார்கள். தூசி எழாமல் படிகிறது. கணினி அறையிலும் உலர்ந்த துடைப்பத்தைப் போடாமல், முதலில் பிழிந்த ஈரத்துணியால் தரையைத் துடைக்க வேண்டும். கணினியின் மேல் நீர் தெளிக்கலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

துப்புரவு செய்யும் முறை

பிசிறு மிகுந்த வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மற்ற வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் உட்புறத்தைத் துப்புரவு செய்யலாம். உத்தரவாதக் காலம் முடியாத கருவியையும், திறக்கக் கடினமான மடிக்கணினியையும் தொழில் தெரிந்தவரிடமே விட வேண்டும். மேசைக் கணினியைத் தாமே திறப்பவர் பின்வரும் முறையை வரிசையாகக் கைக்கொள்வாராக.

(1) கணினியை முறைப்படி அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பின்னர் ஆன் செய்யும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரமும் தீரும்.

(2) கம்பளமும் பாயும் இல்லாத தரையில், மரமேசையின் மேல் வைக்க வேண்டும். பருத்தி உடை உடுத்தி, வெறுங்காலுடன் நிற்பது நன்று. செயற்கை இழைச் சட்டையும் நைலான் சேலையும் அவ்வேளைக்கு ஆகா.

(3) உறுப்பு எதையும் தொடுமுன், பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைக் கையால் தொட வேண்டும். நடந்துபோய்த் திரும்பி வந்தால் மறுபடியும் தொட வேண்டும். நம் உடலும் பெட்டியும் ஒரே மின்னிலையில் இருந்தால் இடையே பொறி பாயாது. இதன் பொருட்டே தொழில் செய்வோர், ஒரு மெகாஓம் தடை கோத்த மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொள்கின்றனர். அத்தடை இல்லாமல் வெறுங் கம்பியைக் கையில் கட்டிக்கொள்வது உயிருக்கு ஆபத்து. அம்முயற்சி கூடவே கூடாது.

(4) பிசிறை மெல்லிய இயற்கை மயிர்த் தூரிகையால் எடுக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி தெறிக்கும். வீட்டுத் தூசி உறிஞ்சியின் பிளாஸ்டிக் வாய், காற்று உரசி மின்னேற்றம் கொள்ளுமாதலின், அதைச் சில்லுகளுக்கு அருகே கொண்டுபோகலாகாது. சைக்கிள் கடையின் காற்றுக்குழாயில் நீரும் எண்ணெயும் கலந்து வரும், அதுவும் தகாது.

(5) விசிறியைத் துடைக்கும்போது அதை விரலால் பிடித்து நிறுத்திக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் அது தாறுமாறாய்ச் சுழன்றால் தாங்கி தேயும்.

(6) மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

(7) கழற்ற வேண்டாத உறுப்பைக் கழற்றலாகாது. சேமிப்புத் தட்டுக்கும் நினைவக அட்டைக்கும் துப்புரவு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கழற்ற நேர்ந்தால் ஓரத்தைப் பிடித்துக் கழற்றி, காகித உறையிலோ, அதனோடு வந்த நிலைமின் தடுப்பு உறையிலோ வைக்கலாம். சாதாரணப் பிளாஸ்டிக் பையில் வைக்கலாகாது.

(8) திரையை அணைத்த பின், நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பழைய பருத்தித் துணியால் மெல்லத் துடைக்க வேண்டும்.

சுருக்கும் கூச்சமும்

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது உயிர்காக்கும் அறிவாகும். கணினியைத் தொட்டவுடன் ஒருமுறை சுருக்கென்று, மறுமுறை தொட ஒன்றுமில்லையாயின் அது நிலைமின்சாரம். தொட்டுக்கொண்டிருக்கும் வரை கை கூசிக்கொண்டே இருந்தால் அது நிலைமின்சாரமன்று. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தின் கசிவு.

இது பெரும்பாலும் எர்த் இல்லாமையால் நேர்வது. மூன்று முள் பிளக்கின் பெரிய முள்தான் எர்த். இரண்டு முள் சாக்கெட்டில் செருகுவதற்காக அம்முள்ளை ஒடித்துவிடுவதும், அதை விட்டுவிடும் மாற்றுச் செருகியைப் பயன்படுத்துவதும் நம்மிடையே காணும் பெருந்தவறுகள். கூச்சம் தெரிந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கி, வயர்மேனை அழைத்துச் சோதிக்க வேண்டும். கரியும் உப்பும் இட்டுப் புதைத்த எர்த் குழியாயின், கோடையில் அது வறளாமல் அவ்வப்போது நீர் ஊற்றுவது அவசியம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனத்தைப் பொருத்துவது குடும்பம் முழுவதற்கும் காப்பு.

எஞ்சிய ஒரு கடமை

நாம் எவ்வளவு காத்தாலும் கருவி ஒருநாள் பழுதாகவே செய்யும். திருப்புலிவனத்துக்கு அண்மையில் உள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921-ஆம் ஆண்டுகளில் குடவோலை முறையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு உரியரல்லர் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. கல்லில் வெட்டியதாதலின் ஆயிரத்து நூறு ஆண்டு கடந்தும் நாம் அதைப் படிக்கிறோம்.

இன்று நம் சங்கத்தின் கணக்கும், நம் பூவேலை வடிவங்களும் நகத்தளவு சில்லில் எழுதப்படுகின்றன. ஒரு சுருக்கில் அழியக்கூடியதை ஒரே இடத்தில் வைப்பது அறிவுடைமையாகாது. வாரம் ஒருமுறை நகல் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஓரிடத்திலும் வைக்க வேண்டும். நாம் முதலிற் கூறிய குடும்பத்தாருக்கு அந்த ஒரு நகல் இருந்திருந்தால், அவர்கள் இழந்தது தட்டின் விலை மட்டுமே.

கணினிக்கும் தறிக்கும் உள்ள உறவு இன்று ஏற்பட்டதன்று. பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் 1804-ஆம் ஆண்டளவில் ஜாக்கார்டு என்பவர் துளையட்டை கொண்டு பூவேலை நெய்யும் பொறியை அமைத்தார். அவ்வட்டையின் கருத்தையே 1830-களில் பாபேஜ் தம் கணக்கிடும் பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் துளையட்டைகளைக் கொண்டே எண்ணினார். ஆகவே கணினி, தறியின் வழியில் வந்த பேரப்பிள்ளை எனலாம். தறியைப் பேணத் தெரிந்த கைகளுக்கு இதைப் பேணுவது அரிதன்று. உயரத்தில் வைத்தல், ஈரத்துணியால் துடைத்தல், உலோகத்தைத் தொட்டுத் தொடங்குதல், எர்த்தைக் காத்தல், நகல் எடுத்தல் ஆகிய ஐந்தையும் இம்மாதமே தொடங்குவோமாக.

கலந்துரையாடலுக்கு வினாக்கள்

1. உங்கள் இல்லத்தில் கணினி எவ்வறையில், எவ்வளவு உயரத்தில் உள்ளது? தறியோ களமோ அதற்கு எவ்வளவு தொலைவு?

2. பாலியெஸ்டர் விரிப்பைவிடப் பருத்தி விரிப்பில் நிலைமின்சாரம் குறைவாக இருப்பது ஏன்? காற்று மிக வறண்டால் யாது நிகழும்?

3. ஜரிகைத் துணுக்கு, பஞ்சுப் பிசிறு ஆகிய இரண்டும் கணினிக்குச் செய்யும் தீங்குகள் எவ்வாறு வேறுபடுகின்றன?

4. ஒருமுறை சுருக்கென்பதற்கும், தொடர்ந்து கை கூசுவதற்கும் காரணங்கள் யாவை? இரண்டாவது நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியது யாது?

5. நம் சங்கக் கணக்கின் நகல் எங்கு, எத்தனை நாட்களுக்கு ஒருமுறை வைக்கப்படுகிறது? அடுத்த கூட்டத்தில் இதனைக் கேட்டறிக.